முன்னோடி: சொல் விளக்கம்

நாடு நாடாக ஓடுபவர் நாடோடி. முன்னே ஓடுபவர் முன்னோடி. முன் + ஓடு + இ. கோடம்பாக்கத்தார் டிரெய்லரை முன்னோட்டம் என்பதும் இதே வேரில்தான். ஆங்கிலப் 'பயோனியரு'க்கு இந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம். இன்றைக்குச் சென்னைச் சுவரொட்டிகளில் முன்னோடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

பயோனியர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அடிவேர், பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆபீஸ் பியூனும் அதே குடும்பம்தான்! முதலில் பயோனியர் காலாட்படை வீரனைக் குறித்தது. பிறகு, படைக்கு முன்னால் மண்வெட்டியும் கோடரியுமாகப் போய்ப் புதர் வெட்டிப் பாதை போடும் ஆளை. 1780இல் திரட்டப்பட்ட 'மெட்ராஸ் பயோனியர்ஸ்' படைக்கு இதுதான் வேலை. மண் சுமந்தவனின் பெயர் இன்று மாலை போடும் பட்டமாகிவிட்டது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை முன்னோடி என்று சொல்லும்போது 'முதல் பெண்' என்ற வரிசையோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், சரி. ஆனால் அவரை ஓட வைத்தது எது? தாயார் தேவதாசி மரபில் பிறந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி விடாமல் போராடியதை அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சொந்த வலி பிறருக்குப் போட்ட பாதையாயிற்று. பின்னால் வருபவர்கள் மீதான இந்தப் பொறுப்பு 'முன்னோடி' என்ற சொல்லில் அவ்வளவாக ஒலிப்பதில்லை. ஓட்டம் தெரிகிறது, மண்வெட்டி தெரியவில்லை.

அது தெரிகிற சொல் உழவரிடம் இருக்கிறது: முன்னத்தி ஏர். பல ஏர்கள் வரிசையாக உழும்போது முதலில் போவது. அது கோணினால் பின்னால் வரும் அத்தனை உழவுசாலும் கோணும். அதனால் கை தேர்ந்தவர்தான் அதைப் பிடிப்பார். எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது இலக்கிய மேடைகளில் இந்தச் சொல் சரளமாகப் புழங்குகிறது. அரசியல், அறிவியல், தொழில் பற்றி எழுதுபவர்களும் எடுத்தாளலாம்.

1969இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த 'லீட் பேங்க்' திட்டத்தின் 'முன்னோடி வங்கி'யைப் பாருங்கள். மாவட்டத்தின் மற்ற வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு அதற்கு. அங்கே சொல் தன் சுமையோடு நிற்கிறது.

முதலில் செய்தவர் என்று மட்டும் சொல்ல 'முதலாமவர்' போதும். புதுவழி போட்டவர் முன்னோடி. அந்த வழியில் பிறர் வந்தார்கள் என்பதை அழுத்த வேண்டுமானால் முன்னத்தி ஏர். சிலர் எழுதும் 'முன்னோடியாளர்' தேவையே இல்லை; 'ஓடி'க்குள்ளேயே ஆள் இருக்கிறார்.