பி.ஃபார்ம் புராஜெக்ட் கருப்பு பைண்டிங்கோடு முடிந்துவிடக் கூடாது

எட்டாவது செமஸ்டர் வந்துவிட்டால் பெரும்பாலான பார்மசி கல்லூரிகளில் ஒரே கதைதான். மூலிகை ஜெல், வாயில் கரையும் மாத்திரை, மிதக்கும் மாத்திரை என்று சீனியர் செய்த தலைப்பையே எடுத்து மருந்தின் பெயரை மட்டும் மாற்றுவார்கள், அப்புறம் பைண்டிங், வைவா, நூலக அலமாரி. நடுவில் இன்னோவேஷன் என்று ஒரு நாள் கருத்தரங்கு நடக்கும், யாரோ வந்து வெற்றிக்கதை சொல்லிவிட்டுப் போவார். இதனால் ஒரு மாணவர்கூடத் தொழில்முனைவோர் ஆகமாட்டார்.

நான் மாணவர்களிடம் முதலில் ஐடியா கேட்பதில்லை. மருந்துக்கடை கவுண்டரில் போய் நில்லுங்கள், வாங்க வருகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று எழுதி வாருங்கள் என்கிறேன். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் டிரை சிரப்பையே, அதாவது தண்ணீர் கலந்து கொடுக்கும் பொடி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும், குலுக்கியதும் மட்டம் இறங்கினால் மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். வீட்டில் பலர் முதல் தடவையோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு வேளையும் குழந்தைக்கு மருந்து கூடுதலாகப் போகும், தண்ணீர் கூடினால் மருந்து போதாது. கலந்த தேதியை யாரும் பாட்டிலில் எழுதுவதில்லை, ஒரு வாரத்தில் கொட்ட வேண்டிய மிச்சம் அடுத்த காய்ச்சலுக்கு வெளியே வரும். சில பிராண்டுகள் அளந்த தண்ணீரையும் பெட்டிக்குள் வைத்தே தருகின்றன. மற்றவர்கள் ஏன் தருவதில்லை, தந்தால் பாட்டிலுக்கு எவ்வளவு கூடும், அதைத் தாய்மார்கள் கொடுப்பார்களா என்று ஒரு மாணவி கேட்க ஆரம்பித்தால் போதும், பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்தது கணக்கு. ஆன்லைன் மருந்துக்கடை தொடங்கி 25 சதவீதத் தள்ளுபடி தருவோம் என்று பிசினஸ் பிளான் எழுதுகிறார்கள். 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அதன் அட்டவணையில் உள்ள, அரசு விலை வரம்பு வைக்கும் மருந்துகளுக்குச் சில்லறை விற்பனையாளரின் லாபம் 16 சதவீதம் என்றுதான் விலையே நிர்ணயிக்கிறார்கள். அதிலிருந்துதான் வாடகை, கரண்ட், பார்மசிஸ்ட் சம்பளம் எல்லாம். 25 எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை வகுப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது, கடன் வாங்கிய பிறகு தெரியவந்தால் குடும்பமே தவிக்கும்.

காப்புரிமை விஷயத்தில்தான் எனக்கு மிகவும் மனசு வலிக்கிறது. நல்ல கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சான்றிதழுக்காக ஓடிப்போய் மாநாட்டில் போஸ்டர் போட்டுவிடுகிறார்கள். வெளியே சொல்லிவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடலாம். சட்டத்தில் உள்ள விலக்குகள் மிகக் குறுகியவை. முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும், கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. மூலிகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பாட்டி வைத்தியத்தில் ஏற்கெனவே உள்ளதை அப்படியே எடுத்தால் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(p) தடுத்துவிடும். இந்தியத் தாவரத்தைப் பயன்படுத்தினால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளும் உண்டு, அந்த அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது, நேரில் போய் விசாரிக்க மாணவர்களை அனுப்பலாமே.

ஜெல் நன்றாக வந்துவிட்டது என்று சொன்னால், 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் தாங்குமா என்று கேளுங்கள். அந்தச் சோதனைக்கு ஒரு செமஸ்டர் போதாது. அதனால் புராஜெக்டை ஏழாவது செமஸ்டரின் பிராக்டிஸ் ஸ்கூல் என்ற செய்முறைப் பயிற்சிப் பாடத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, எல்லோரும் புது மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சொந்தக் கடையும் தொழில்முனைவுதான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தபோது, பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை மானியத்தோடு வாய்ப்பு இருந்தது. கடைசி வருட மாணவர்கள் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? உரிமம் பெற எவ்வளவு இடம் வேண்டும், ஃபிரிட்ஜ் எதற்கு, அட்டவணை எச்1 மருந்துகளுக்கு (கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டியவை) தனிப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டுச் சொல்ல வையுங்கள். அடுத்த கருத்தரங்குக்கான அழைப்பிதழில் அவர் பெயரையும் போடுங்கள்.