பூட் மெனு: தொடக்கத் தேர்வுப் பட்டி

அத்தையின் பழைய லேப்டாப்பில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தையும் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே ஃபோன். "டேய், ஸ்கிரீன்ல நாலு வரி இங்கிலீஷ் வந்து நிக்குது. கீழ பத்து, ஒன்பது, எட்டுன்னு குறையுதுடா. தொடலாமா?" ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது தானாகவே உள்ளே போய்விட்டது. அந்த நாலு வரிதான் பூட் மெனு: கணினி எந்த இயங்குதளத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல். அதற்குத் தமிழில் என்ன பெயர், சாதாரணப் பயனருக்கு அதைக் காட்டத்தான் வேண்டுமா என்பதுதான் இங்கே பேச்சு.

கணினியைத் தொடக்குவதைச் சொல்லும் பூட், 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் குறுக்கம். உயரமான பூட்ஸை இழுத்து மாட்ட மேல் விளிம்பில் தைத்திருக்கும் வார் அது. அந்த வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வதாக, நடக்காத காரியத்தை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கேலி செய்தார்கள். கணினிக்கு அந்தச் சிக்கல் நிஜமாகவே இருந்தது. ஒரு நிரல் ஓட வேண்டுமானால் அது நினைவகத்துக்கு வர வேண்டும்; அதைக் கொண்டுவரவோ இன்னொரு நிரல் வேண்டும். அதனால் ஒரு சில கட்டளைகளை மட்டும் முதலில் உள்ளே ஏற்றி, அவற்றை வைத்தே மீதியை இழுத்தார்கள். 1950களிலேயே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மெனு, பிரெஞ்சு வழி வந்த சாப்பாட்டுக்கடைச் சொல். தமிழ்க் கணிமையில் அதற்குப் 'பட்டி' நிலைத்துவிட்டது.

பூட்டுக்குத் தமிழில் 'துவக்கு' என்று எழுதுவோர் உண்டு. ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி! தொடங்கு என்பதன் பிறவினையான 'தொடக்கு' போதும். ஆனால் 'தொடக்கப் பட்டி' என்றால் விண்டோஸின் ஸ்டார்ட் மெனுதான் நினைவுக்கு வரும். எனவே 'தொடக்கத் தேர்வுப் பட்டி' என்பேன். கொஞ்சம் நீளம்தான்; ஆனால் வேலை இன்னதென்று பெயரே சொல்லிவிடுகிறது.

சாதாரணப் பயனரிடமிருந்து இதை மறைக்கலாமா என்ற கேள்விக்கும் பெயரிலேயே பதில் இருக்கிறது. தேர்ந்தெடுக்க ஒன்றுதான் உண்டு என்றால் பட்டி எதற்கு? ஒரே இயங்குதளம் இருந்தால் உபுண்டு இதைக் காட்டுவதில்லை. உபுண்டு போன்ற இன்னொரு இயங்குதளமான ஃபெடோராவின் 29ஆம் பணிநிலையப் பதிப்பும் 2018இல் அப்படியே மறைத்தது. ஆனால் முந்தைய தடவை தொடங்குவதில் கோளாறு நேர்ந்திருந்தால் பட்டி தானாக வந்து நிற்கும். மறைப்பதென்றால் இப்படித்தான் மறைக்க வேண்டும். விண்டோஸ் 8இன் கதை வேறு. இயந்திரம் அவ்வளவு வேகமாகத் தொடங்கியதால் பட்டியை வரவழைக்கும் எஃப்8 பொத்தானை அழுத்த 200 மில்லிநொடிகூடக் கிடைக்கவில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடு என்றார்கள். தொடங்கவே மறுக்கும் கணினியில் ரீஸ்டார்ட்டை எங்கே போய்த் தேடுவது? அதற்காகத்தான், தொடங்குவதில் கோளாறு என்றால் அங்கேயும் பட்டி தானாக வரும்படி செய்திருந்தார்கள்.

அத்தையிடம் இரண்டு இயங்குதளம் இருப்பதால் நான் மறைக்கவில்லை. 10 நொடியை 3 ஆக்கினேன். அடுத்த நாளே ஃபோன்: "எண்ணிக்கை சீக்கிரம் முடிஞ்சுடுதே, கெட்டுப்போச்சாடா?"