வன்னி உடம்பு மறந்த காய்ச்சல்

1934–35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. சாவு மலிந்தது வன்னிக் காட்டில் அல்ல. கேகாலை, குருநாகல் பக்கத்தில். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகியது. அங்குள்ள சனத்தின் உடம்புக்கு அந்தக் காய்ச்சல் பழக்கமில்லை. குளத்தடியில் வருடாவருடம் நடுங்கியே வளர்ந்த வன்னி முதலான உலர்வலயத்தவருக்கோ ஓரளவு நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) ஊறியிருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை: இறந்த குழந்தைகள், வீங்கிய மண்ணீரல்.

சின்னமுத்து ஒருதரம் வந்தால் அநேகமாக ஆயுளுக்கும் போதும். மலேரியாவுக்கு ஏன் அப்படி இல்லை?

நுளம்பு குத்தும்போது தோலுக்குள் இறங்குபவை சில பத்து ஒட்டுண்ணிகள்தான். சில மணி நேரத்துக்குள் அவை ஈரலில் நுழைந்துவிடும். ஏறத்தாழ ஒரு கிழமை காய்ச்சலே இல்லை. ஆனால் ஒட்டுண்ணி புகுந்த ஒவ்வோர் ஈரற்கலமும் வெடிக்கும்போது பல்லாயிரம் குஞ்சுகள் குருதியில் கொட்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட எடுக்காமல் ஒரு செங்குழியத்துக்குள் புகும். பிறபொருளெதிரி (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) பிடிக்க வேண்டியது அந்த இடைவெளியில். உள்ளே போய்விட்டால் கொல்லும் வெண்குழியங்களாலும் பயனில்லை: கருவில்லாத செங்குழியத்தால் ‘எனக்குள் கள்ளன்’ என்று வெளியே அடையாளம் காட்ட முடியாது. மலேரியா ஒட்டுண்ணி இனங்களான பல்சிபாரம், வைவாக்ஸ் இரண்டுக்கும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை செங்குழியம் வெடிக்கும், நடுக்கம் அப்போதுதான்.

பல்சிபாரத்திடம் இன்னொரு வித்தை இருக்கிறது. தான் குடியிருக்கும் செங்குழியத்தின் மேலே ஒரு பசைப்புரதத்தை நீட்டி, குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலுக்குள் போனால் வடிகட்டப்படும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தப் புரதத்துக்கு ஏறத்தாழ 60 மரபணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு சட்டை மாதிரி; ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். உடம்பு ஒரு சட்டையை அடையாளம் கண்டு பிறபொருளெதிரி திரட்டி முடிக்கையில், சில ஒட்டுண்ணிகள் அடுத்த சட்டையை மாட்டியிருக்கும்.

இத்தனை சட்டைகளையும் படிக்கப் பல வருடக் காய்ச்சல் வேண்டும். படித்தவர் குருதியில் ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சல் இராது. இதில் பிறபொருளெதிரிக்குப் பங்குண்டு என்பதை 1961இல் கம்பியாவில் காட்டினார்கள்: வளர்ந்தவர்களின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரியை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்ற, ஒட்டுண்ணி எண்ணிக்கை சரிந்தது. ஆனால் நுளம்புக்கடி நின்றால் இந்தப் பாதுகாப்பும் தேயும். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். மலேரியா ஒழிந்தது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பிறகு பிறந்த முல்லைத்தீவுப் பிள்ளையின் உடம்பு, 1934இன் கேகாலைப் பிள்ளையின் உடம்பைப் போன்றதே. நுளம்போ போகவில்லை. போதாக்குறைக்கு, நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு மன்னாரிலும் கண்டறியப்பட்டிருக்கிறது.

அப்படியானால் தடுப்பூசி? இன்று பயன்பாட்டிலுள்ள இரண்டும் ஈரலுக்குப் போகும் வழியிலேயே மறிக்கப் பார்க்கின்றன. ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் துண்டை எடுத்து, ஹெபடைடிஸ் பி வைரசின் மேற்புரதத்தோடு கோத்திருக்கிறார்கள். ஒரேயோர் ஒட்டுண்ணி தப்பினாலும் நோய் வரலாம் என்பதால் பிறபொருளெதிரி மிக உயர்ந்த அளவில் நிற்கவேண்டும். அது மாதக்கணக்கில் இறங்குவதால் நான்காம் ஊசி. 2021இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்டிஎஸ்,எஸ், நான்கு ஊசியுடன் நான்கு வருடத்தில் நோய்த் தாக்குதல்களை ஏறத்தாழ 36% குறைத்தது. 2023இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21, பருவகால மலேரியா உள்ள இடங்களில் முதல் வருடத்தில் 75% அளவு தடுத்தது.

இரண்டும் பல்சிபாரத்துக்கே. வன்னியை அதிகம் ஆட்டிய வைவாக்சில் அந்தத் துண்டு வேறு. வைவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கியும் எழும்பும். உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் பிரிமாகுயின் குளிசையை 14 நாளும் விழுங்காமல் இடையில் விடுபவருக்குத் திரும்பக் காய்ச்சல் வருவது இதனால்தான். (செங்குழியத்தைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவருக்கு அதே குளிசை செங்குழியங்களை உடைக்கும்; முதலில் சோதிக்க வேண்டும்.)

வைவாக்சுக்கு வேறொரு வழியும் உண்டு. 1987இல் வெளியான கொழும்பு ஆய்வில், நோயாளிகள் சிலரின் குருதிநீர் நுளம்பின் குடலிலேயே ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுத்தது. நுளம்பு குருதியோடு பிறபொருளெதிரியையும் சேர்த்துக் குடிக்கிறது; அது ஆண், பெண் ஒட்டுண்ணிகள் சேர்வதை மறிக்கும். இப்படியொரு ஊசி வந்தால், போட்டவருக்கல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் நன்மை. அதை விற்பது சிரமம்!

அதுவரை வன்னிக்கு உதவுவது, நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கண்ணாடித் தட்டில் ஒரு துளி குருதி. இந்தியாவோ ஆபிரிக்காவோ போய் வந்து, மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும் பயணத்தை வைத்தியரிடம் சொல்லவேண்டும். முதல் தட்டில் ஒட்டுண்ணி தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு தட்டுகள் பார்க்கவேண்டும்.