டப்பாவோடு நிற்கும் கணவருக்கு

காலை எட்டரை மணிக்கு எங்கள் லேப் ஜன்னலுக்குள் ஒரு கை மட்டும் நீளும். கையில் செய்தித்தாளில் சுற்றிய சின்ன பிளாஸ்டிக் டப்பா. ஆள் சுவரோடு ஒட்டி நிற்பார். “எத்தனை மணிக்கு எடுத்தீங்க?” என்று கேட்டால், “இப்பதான் சார்” என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் நழுவிவிடுவார். அவர் மனைவி ஹாலில், எல்லோர் முன்னாலும், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார்.

தென்மாவட்ட நகரம் ஒன்றில், குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் விந்து பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்ப்பவன். ஆனால் அந்த ஃபைல்கள் எங்கள் மேஜைக்கும் வரும்.

போன வருடம் ஒன்று வந்தது. ஆறு வருட சிகிச்சை. கருமுட்டை வளர மாத்திரை, மாதாமாதம் ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, வயிற்றில் துளை போட்டுச் செய்த லேப்ராஸ்கோப்பி என்று எல்லாம் இருந்தது. கணவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. “எம் பையன் நல்லாத்தான இருக்கான், அவனுக்கு எதுக்கு டெஸ்ட்டு?” என்று மாமியார் சொல்லிவிட்டாராம். முந்தைய மருத்துவமனையிலும் யாரும் வற்புறுத்தவில்லை. எங்களிடம் பார்த்தபோது அவருக்கு ஒரு மில்லியில் இருபது லட்சம் விந்தணுக்களே இருந்தன. சில நூறு ரூபாயில், ஒரே காலையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ. “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று ஊர் கேட்பது மட்டும் அவளைத்தான். நம் ஆட்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. தாம்பத்தியத்தில் குறையில்லை என்றால் அணுக்களும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. மீசை, உடம்பு, குரல் எதைப் பார்த்தும் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. சொல்லப்போனால், ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் எண்ணிக்கை பூஜ்யம்வரை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் மூளையின் உத்தரவு நின்றுபோகிறது.

பரிசோதனைக்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் இடைவெளி வேண்டும். “இருபது நாள் சேத்து வச்சிருக்கேன் சார்” என்று பெருமையாக வருபவர்கள் உண்டு. எண்ணிக்கை கூடியிருக்கும், ஆனால் பல அணுக்கள் அசையாது. சோப்பு, எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக்கூடாது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். பைக் பெட்டியில் வெயிலில் வைத்துக் கொண்டுவராமல் உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். கொஞ்சம் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது தரையில் போயிருந்தால் எங்கள் ரிப்போர்ட் பொய் சொல்லும்.

ரிப்போர்ட்டைக் கூகுளில் தேடி அழுபவர்களுக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் என்று ஓர் எண்ணைக் குறிப்பிடுகிறது. அதைப் பாஸ் மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தார்கள் என்று பார்த்து வைத்த கோடு அது. அதற்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தாலே சில வாரங்களுக்கு எண்ணிக்கை விழும்.

ஓர் அணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகும். வெளியே வரச் சேர்த்து மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக, மாத்திரை தொடங்கிய பத்தாம் நாளே மறுபடி டப்பாவோடு வருகிறார்கள். இன்று சிகரெட்டை விட்டதன் பலன், அணுக்களுக்குச் சூடு ஆகாது என்று பேக்கரி அடுப்பின் முன்னாலிருந்து வேறு வேலைக்கு மாறியதன் பலன், விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும் நரம்புச் சுருளுக்கு ஆபரேஷன் செய்ததன் பலன் எல்லாம் மூன்று மாதம் கழித்த டப்பாவில்தான் தெரிய ஆரம்பிக்கும்.

பூஜ்யம் என்று வந்தாலும் அடுத்த கேள்வி உண்டு: உற்பத்தியே இல்லையா, வரும் வழி அடைத்திருக்கிறதா? அடைப்பு என்றால் விதைப்பையிலிருந்தே ஊசியால் அணுக்களை எடுக்கலாம். ஒரு முட்டைக்குள் ஒரே ஓர் அணுவைச் செலுத்தும் ‘இக்ஸி’ முறையில் கருவுற்ற பெண்களைப் பற்றிய முதல் அறிக்கை 1992-இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. அதற்கு முன் இப்படிப்பட்டவர்கள் பலருக்கு, தானமாகப் பெறும் விந்து ஒன்றே வழியாகச் சொல்லப்பட்டது.

இந்தப் பூஜ்யத்தை நான் ஒருமுறை மிகத் தவறாகக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. “ரிப்போர்ட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்று வந்தவரிடம் கவரைக் கொடுத்துவிட்டேன். அவர் மாமனார். கவரை அங்கேயே பிரித்துப் படித்தார். மாப்பிள்ளை அப்போது கீழே டீ வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு டம்ளரோடு அவர் படியேறி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன்பிறகு, உரியவர் கையில் மட்டும், டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் இன்னொரு வகைத் தம்பதிகள் அதிகம். கணவர் வளைகுடாவில். “கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு சார், இன்னும் ஒண்ணும் இல்ல.” விடுமுறையைக் கூட்டிப் பார்த்தால் சேர்ந்திருந்தது ஏழு மாதம். பாதுகாப்பு ஏதுமின்றி ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் பரிசோதனை என்பது பொதுவான கணக்கு. மனைவிக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதம். இவர்களுக்கு முதல் பிரச்சினை விமான டிக்கெட். ஆனாலும் அவளுக்கு வயது நிற்காது என்பதால் லீவில் வந்த முதல் வாரத்திலேயே இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. நாற்பதாம் நாள் பெட்டி கட்டும்போது வந்து நின்றால் எங்களால் அவசரப்படத்தான் முடியும்.

அவர்களுக்கு விந்தை உறையவைத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். உருக்கும்போது ஒரு பகுதி அணுக்கள் இறந்துபோகும், அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட குப்பிகள் வைப்போம். குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சிகிச்சை கிடையாது, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேலே சொன்ன அந்த ஆறு வருட ஃபைலின் கணவரும் கத்தார்க்காரர்தான். போகும் முன் நான்கு குப்பிகள் வைத்துவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டாமல் அன்று உள்ளே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பியிலும் தன் பெயரும் மனைவி பெயரும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று படித்துப் பார்த்தார். அவர் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. மாற்றி ஒட்டினேன்.