வாட் பொருத்தம் போதாது, குரல் பொருத்தம் வேண்டும்

வீட்டு ஹோம் தியேட்டர் திரையில் ஒரு லாரி இடமிருந்து வலமாகப் போகிறது. இடது ஸ்பீக்கரில் கனமாக உறுமும் எஞ்சின், நடுவிலுள்ள சென்டர் ஸ்பீக்கருக்கு வந்ததும் தகர டப்பாவுக்குள் புகுந்ததுபோல் சுருங்கிப்போகிறது. வலது ஸ்பீக்கரை எட்டியதும் பழைய கனம் திரும்பிவிடுகிறது. ஓடியது ஒரே லாரிதான். மூன்று ஸ்பீக்கர்களுக்கும் மூன்று குரல் இருப்பதுதான் கோளாறு.

கடையில் பொருத்தம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது வாட் கணக்கை. ஆம்ப் 100 வாட் என்றால் ஸ்பீக்கரும் 100 வாட் இருக்க வேண்டும் என்பார்கள். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய பொருத்தம். ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வேறுபாடுகளில் சிலவற்றை ரிசீவரே (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஆம்ப் பெட்டி) சரிசெய்துவிடும். ஒன்று சத்தமாகவும் மற்றொன்று மெதுவாகவும் ஒலித்தால் அளவைச் சமப்படுத்தும். ஒன்று கிட்டவும் மற்றொன்று எட்டவும் இருந்தால் தாமதம் சேர்க்கும். ஆனால் ஒலி பக்கவாட்டில் பரவும் விதத்தை எந்த ரிசீவராலும் மாற்ற முடியாது. கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தை அந்தக் குரல் பொருத்தத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும்.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு எண் இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 8 ஓம் (ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்கிறீர்கள், உச்ச சத்தம் 95 டெசிபல் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தால் சுமார் 7 டெசிபல் குறையும் (திறந்தவெளியில் இன்னும் குறையும், அறைச்சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருகின்றன). ஆக 1 மீட்டரில் 102 டெசிபல் வேண்டும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு இது 40 வாட்டில் முடிந்துவிடும். 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும். 82 டெசிபல் என்று போட்டிருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கோ 100 வாட் வேண்டும். 3 டெசிபல் வித்தியாசம் ஆம்பின் பாதி வேலையைத் தின்றுவிடுகிறது. ஒரு சூட்சுமம்: 4 ஓம் ஸ்பீக்கர் அதே 2.83 வோல்ட்டில் 2 வாட் இழுக்கும். எனவே அதன் 89 என்பது 8 ஓம் கணக்கில் 86தான்.

அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச சக்தி என்ற விளம்பரக் கணக்கு) 5000 வாட் என்று இருந்தால் அதைப் படிக்காமலே கடந்துவிடலாம். ரிசீவர்களிலும் ‘ஒரு சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, 6 ஓம்’ என்று பொடி எழுத்தில் போட்டுப் பெரிய எண்ணைக் காட்டுவார்கள். ‘இரண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம்’ என்ற வரியைத் தேடுங்கள், அதுதான் நம்பக்கூடிய எண். பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டும் ஆசை பலருக்கு வரும். அவற்றில் பல 3 அல்லது 4 ஓம். 6 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று பின்பக்கம் எழுதியிருக்கும் ரிசீவர், ஒரு சண்டைக்காட்சியிலேயே சூடேறி, பாதுகாப்புச் சுற்று செயல்பட்டு அணைந்துவிடும்.

இனி குரல் பொருத்தம். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1980களில் ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி சோதனைகள் நடத்தினார். எல்லா அதிர்வெண்களையும் நேர்முகமாக ஒரே அளவில் தருவதோடு, பக்கவாட்டிலும் சீராகப் பரப்பும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். காரணம், காதுக்கு நேரே வருவது ஒலியின் ஒரு பங்குதான். மிச்சம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருகிறது. அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸைக் குறைத்தால் நேரே வரும் ஒலியும் பட்டு வரும் ஒலியும் சேர்ந்தே குறையும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஸ்பீக்கரின் கட்டமைப்பிலேயே அமைந்துவிடுகிறது. தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் அளவு, உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டரின் வகை, இரண்டும் கைமாற்றிக்கொள்ளும் அதிர்வெண் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே முன்பக்கம் மூன்றும் ஒரே கம்பெனி என்றால் போதாது, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். மூன்றிலும் ட்வீட்டர் ஒரே வகைதானா என்று முதலில் பாருங்கள். பின்பக்க சரவுண்ட் ஸ்பீக்கர்களில் இவ்வளவு கறார் தேவையில்லை. மழையும் கூட்ட இரைச்சலும் எந்தக் குரலில் வந்தாலும் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது.

ஒரே வரிசையில் வாங்கினாலும் சென்டர் ஸ்பீக்கர் ஏமாற்றலாம். டிவிக்குக் கீழே படுக்கவைக்க வசதியாக, நடுவில் ட்வீட்டரும் இருபுறமும் வூஃபருமாக அதைச் செய்கிறார்கள். இரண்டு வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 30 செ.மீ. இருக்கட்டும். நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே வந்து சேரும். 30 டிகிரி ஓரத்தில் உட்கார்ந்தவருக்கோ ஒரு வூஃபர் மற்றதைவிட 15 செ.மீ. தூரம் அதிகம். 1150 ஹெர்ட்ஸ் அருகே அது சரியாக அரை அலைநீளம், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒலி அடிபட்டுப்போகும். பேச்சின் தெளிவு நிறையத் தங்கியிருக்கும் பகுதி அது. ஓர சோஃபாவில் இருப்பவர் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழி இரண்டு உண்டு. இடது, வலது, நடு மூன்றுக்கும் ஒரே மாதிரி, அலமாரியில் வைக்கும் அளவிலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரையே நிமிர்த்தி வைப்பது சிறந்தது. ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பதால் நான்காவது கொஞ்ச நாள் பெட்டியில் தூங்கும், தூங்கட்டும். அல்லது சென்டரே வேண்டாமென்று ரிசீவரில் ‘சென்டர் இல்லை’ என்று குறித்துவிடலாம், வசனம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து நடுவில் கேட்கும். நடுவில் உட்காரும் ஒருவர் இருவருக்கு இது மட்டமான சென்டரைவிட மேல். ஓரத்தில் இருப்பவருக்கு மட்டும் வசனம் கிட்ட இருக்கும் ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்துவிடும்.

பேஸ் பகுதியை சப்வூஃபருக்கு ஒதுக்குவது பட்ஜெட் செட்டுக்குப் பெரிய விடுதலை. 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல், அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் காட்டித்தராது. ஐந்தேகால் அல்லது ஆறரை அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃபுக்கு கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80இல் வையுங்கள், 4 அங்குலத்துக்கு 100இல். 3 அங்குலக் குட்டிகளுக்கு 150 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது கதாநாயகனின் குரலின் அடிக்கனம் மூலையிலிருக்கும் சப்வூஃபரிலிருந்து வரும். வாங்கும்போதே 3 அங்குலத்தைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். சப்வூஃபரின் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வையுங்கள். ரிசீவர் ஏற்கெனவே வெட்டியதை அது இரண்டாம் முறை வெட்டினால் 80க்குப் பக்கத்தில் பள்ளம் விழும்.

நம் வீட்டு ஹால்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. 12 அடி நீளத்தில் சுமார் 48 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கிப் பெருகும். கூரையும் 10 அடி உயரமென்றால் அந்த 57 இரட்டிப்பாகத் தாக்கும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் எதையும் உறிஞ்சாமல் திருப்பித் தரும். விட்ரிஃபைடு டைல்ஸ் உயர் அதிர்வெண்ணுக்கு இதே கதை. சப்வூஃபரை நீங்கள் உட்காருமிடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையோரமாக நகர்ந்து கேளுங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபரின் இடம். தரையில் ஒரு கனமான விரிப்பு, ஜன்னலுக்குத் தடித்த திரை. இந்தச் செலவில் வசனம் தெளிவதுபோல் வேறெதிலும் தெளியாது.

ஒயருக்குத் தங்கமுலாம் விலை கொடுக்க வேண்டாம். 1.5 சதுர மி.மீ. சுத்தத் தாமிர ஒயர், 10 மீட்டர் போய்வர கால் ஓமுக்கும் குறைவு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம். அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசியதைத் தாமிரமென்று விற்பார்கள். சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் பேஸ் மெலிந்து குரல் நடுவில் நிற்காமல் அலையும். சந்தேகமிருந்தால் ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொடுங்கள். பேட்டரியின் நேர்முனை சிவப்பில் பட்டால் வூஃபர் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

பாட்டுக் கேட்பதுதான் முக்கியமென்றால் பணத்தில் பாதிக்குமேல் முன்பக்க ஜோடிக்குப் போகட்டும். 5.1 செட்டை (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஒரேயடியாக மலிவாக வாங்குவதைவிட, இன்று நல்ல ஜோடி, அடுத்து சப்வூஃபர், பிறகு அதே வரிசையில் சென்டர், கடைசியில் சரவுண்ட் என்று போவது புத்திசாலித்தனம். அந்த மாடல் நிறுத்தப்படுவதற்குள் சென்டரை வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இதிலுள்ள அவசரம்.

எல்லாம் மாட்டியபின் ரிசீவரோடு வந்த மைக்கை சோஃபா குஷன்மேல் வைக்காமல், காது உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி அளவெடுங்கள். முடிந்ததும் மெனுவைத் திறந்து பாருங்கள். புக்‌ஷெல்ஃபை ‘லார்ஜ்’ என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி (அப்போதுதான் பேஸ் சப்வூஃபருக்குப் போகும்) வூஃபர் அளவுக்கேற்ப 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் போடுங்கள். 2 மீட்டரில் இருக்கும் சப்வூஃபரை 4 மீட்டர் என்று காட்டினால் மட்டும் கைவைக்க வேண்டாம். சப்வூஃபருக்குள்ளிருக்கும் மின்சுற்றுகள் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன, ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகவே கணக்கில் சேர்த்திருக்கிறது.