படத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் பிழைப்பு. பத்திரம், வரைபடம், கல்யாண போட்டோ எல்லாம் வரும். ஆனால் முகம் வாடித் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாடகம், ஓப்பரா என்னும் மேலைநாட்டு இசைநாடகம் ஆகியவற்றின் காட்சி அச்சுப்படங்களைச் சேர்ப்பவர்கள்தான்.

போன மாதம் மழை ஓயாத மேட்டு ஊரான கியூர்பிப்பிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் சட்டம் போட்ட படம்: ஓப்பரா மேடையில் 'போல்', 'விர்ஜினி' என்ற காதல் ஜோடி. நம் தீவில் நடக்கும் பழைய பிரெஞ்சுக் கதை, அதனால் இங்கே எப்போதும் கிராக்கி. பாரிஸில் இதை இசையமைப்பாளர்கள் க்ரூட்சர் 1791-லும், லெ சூயர் 1794-லும், விக்டர் மாசே 1876-லும் ஓப்பராவாக மேடையேற்றினார்கள்.

"1791-இல வந்த செப்புத்தகட்டு அச்சுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க தம்பி."

பின்பக்கம் பழுப்பு டேப்பால் மூடியிருந்தது. கேட்டுக்கொண்டு பிரித்தேன். படத்தின் முதுகு முழுக்க பிரெஞ்சுச் செய்திப் பத்திகள்! அது வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த பக்கம். 1843-இல் பாரிஸில் தொடங்கிய 'இல்லுஸ்த்ராசியோன்' போன்றவை புது ஓப்பராக்களின் காட்சிகளை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டன. அதற்கான பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. அதனால் பெரிய படமென்றால் சின்னக் கட்டைகளைச் சேர்த்து முடுக்குவார்கள். லென்ஸை வைத்தேன். போலின் தோளில் தொடங்கி மேடைப் பலகை வரை மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் கட்டைகள் சேரும் இடம். செப்புத்தகடாக இருந்தால், ஓரம் வெட்டப்படாத தாளில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்கே தட்டுப்படும். விர்ஜினியின் பாவாடை நீலமோ பின்பக்கச் செய்தி வரை ஊறியிருந்தது. கறுப்பு மையில் வந்த பக்கத்துக்குப் பிற்பாடு யாரோ வாட்டர்கலர் பூசியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் அடியிலேயே மாசேயின் பெயர் இருந்தது. சட்டத்தின் உள்விளிம்பு அதை மறைத்திருந்தது.

"அப்போ போலியா?"

"போலி இல்லை அக்கா. பழைய படம்தான். சொன்ன வயசுதான் பொய்."

கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோகிராஃப் அச்சு என்றால் பள்ளம் இருக்காது. லென்ஸில் சாக்பீஸ் தேய்த்தது போன்ற சொரசொரப்பு தெரியும். வரிசை பிசகாத வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் நம் காலத்து ஆஃப்செட் எந்திர அச்சு, வைத்துவிட்டு நகருங்கள். 10 மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கதைப்புத்தகப் படத்தையும் மேடைக் காட்சி என்று விற்பார்கள். மேடைப் படத்தில் பெரும்பாலும் நாடகத்தின் எத்தனையாவது அங்கம் என்பதோ அரங்கின் பெயரோ அடியில் இருக்கும். 1822-இல் திறந்த நம் ஊர் நாடக அரங்கில் தொங்கியது என்று கதை சொன்னால், எழுத்தில் சான்று கேளுங்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது லீபிக் கம்பெனியின் சின்ன வண்ண அட்டைகள். ஓப்பராக் காட்சி வரிசைகள் நிறைய உண்டு. பின்பக்கம் மாட்டிறைச்சிச் சாற்றுக்கு விளம்பரம். சைவ வீடென்றால் மாமியாருக்கு முன்பக்கத்தை மட்டும் காட்டுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. அப்புறம் கெடுப்பது பாதி நம் ஊர் ஈரம், பாதி நம் அக்கறை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். கியூர்பிப் வீடுகளில் சுவரே பூஞ்சை பூக்கும். கண்ணாடி நேராகப் படத்தில் படக்கூடாது. பட்டால் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே அமிலமில்லாத மௌண்ட், அதாவது படம் தெரிய நடுப்பகுதி வெட்டிய அட்டை, வேண்டும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், வெயில் படும் இடத்திலும் வேண்டாம். வெளிறிய நிறம் திரும்பாது. லாமினேஷன் செய்தால் என்னிடம் கொண்டுவர வேண்டியதே இல்லை, பிரிக்க முடியாது. கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு லித்தோகிராஃபின் கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினேன். டேப் உதிர்ந்துவிட்டது, பழுப்புக் கறை மட்டும் போகவில்லை. அந்தத் தாளை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறேன்.

அக்கா படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாசேயின் பெயர் தெரிகிற மாதிரி மௌண்ட்டை வெட்டச் சொன்னார். பின்னால் டேப் வேண்டாம், திறந்து மூட நாலு கொக்கி போட்டுக் கொடு தம்பி என்றார்.