குப்பனூர்ப் பாதையும் மூடி வைத்த போர்ட்டும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பாதையைத்தான் பிடிப்பார்கள். அடைமழையில் மண் சரிந்து அது அடைபட்டால், வண்டிகளைக் குப்பனூர்ப் பக்கம் திருப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் இரண்டு பாதையும் திறந்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளான நெட்வொர்க் சுவிட்சுகளின் கதை வேறு.

செவ்வாய்பேட்டைக் கடை ஒன்றில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு கேபிள் பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டாவது கேபிளையும் செருகிவிட்டார்கள். சிறிது நேரத்தில் எல்லா போர்ட் (கேபிள் செருகும் துளை) விளக்குகளும் வெறிபிடித்ததுபோல் மின்னின. பில் போடும் கணினி அசையவில்லை.

'இந்த முகவரி யாருடையது?' என்று ஒரு கணினி பொதுவாகக் கேட்டால், கேள்வி வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுவிட்ச் அதை நகலெடுத்து அனுப்பும். கேபிள்கள் வளையமாக இருந்தால் அந்த நகல் திரும்பி வந்து மீண்டும் நகலாகும். இணையத்தில் தகவல் பயணிக்கும் ஐபி பொட்டலத்துக்காவது ஆயுள் எண் உண்டு. நெட்வொர்க்குகளுக்கு இடையே வழிகாட்டும் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்க, பூஜ்யமானதும் அது மடியும். சுவிட்சுகள் கடத்தும் தகவல் உறையான ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும். லாரி இரண்டு பாதையிலும் சுற்றிச் சுற்றி வந்தாலும் டீசல் தீர்ந்தாவது நிற்கும்!

இதற்கு 1985இல் வழி கண்டவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ரேடியா பெர்ல்மன். அவருடைய ஸ்பானிங் ட்ரீ முறையில் சுவிட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைமைச் சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும். அதை அடையச் செலவு (பணமல்ல, கேபிளின் வேகத்தைப் பொறுத்த எண்) குறைந்த வழியை வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் போர்ட்டை மூடிவிடும். மூடிய போர்ட் தூங்குவதில்லை. 2 விநாடிக்கு ஒருமுறை வரும் தகவலைக் கேட்டபடி இருக்கும். அது நின்றால் விழித்துத் திறக்கும். பழைய முறையில் இதற்கு 50 விநாடி வரை ஆகும். 2001இல் வந்த விரைவு வடிவத்தில் மூன்று தகவல்கள் தவறினாலே, அதாவது 6 விநாடியில், மாற்று வேலை தொடங்கிவிடும். கேபிள் அறுந்தது நேரடியாகத் தெரிந்தால் அதைவிடச் சீக்கிரம்.

பலர் கோட்டைவிடுவது தலைமைத் தேர்தலில்தான். எல்லா சுவிட்சிலும் முன்னுரிமை எண் 32768 என்றே வரும். சமநிலையில் மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதியும் அடையாள எண்) சிறியதாக உள்ளது வெல்லும். அது பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டியாகவும் இருக்கலாம். எனவே நல்ல சுவிட்சுக்கு 4096, அடுத்ததற்கு 8192 என்று கையால் கொடுத்துவிட வேண்டும். எண் குறைந்தால் மதிப்பு அதிகம்.

இரண்டு கேபிளையும் ஒரே குழாயில் இழுப்பவர்களை என்ன சொல்ல? சுவர் இடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். கடை மூடிய பிறகு, ஒரு கணினியில் பிங் (இன்னொரு கணினிக்குத் தொடர்ந்து கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு முதல் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எத்தனை பதில்கள் தவறின என்று எண்ணிக் குறித்துவிட்டு, மீண்டும் செருகுங்கள்.